ஹை எஃப்: சொல் கரைந்துபோகும் உயரம்

மோட்ஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' என்ற ஓப்பராவில், அதாவது மேலைநாட்டு இசைநாடகத்தில், இரவின் ராணி தன் மகளிடம் கத்தியைக் கொடுத்து ஒருவனைக் கொன்றுவிட்டு வரச் சொல்லும் காட்சி இருக்கிறது. லண்டன் ராயல் ஓப்பரா ஹவுஸில் 2003-ல் டயானா டாம்ராவ் பாடிய பதிவு கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு தடவை கேட்டு முடித்ததும், அடுத்த தடவை ஒலியை நிறுத்திவிட்டு அவர் வாயை மட்டும் கவனியுங்கள். கீழே இருக்கும்வரை உதடுகள் ஜெர்மன் சொற்களுக்கு ஏற்றபடி குவிந்து, விரிந்து வேலை செய்யும். பாட்டு ஏற ஏறத் தாடை இறங்கிக்கொண்டே போகும். உச்சிக்குப் போனதும் எந்தச் சொல்லுக்கான உதட்டசைவும் இருக்காது. நம் ஊர்ப் பாட்டு வகுப்பில் "வாயை நல்லாத் திறந்து அகாரம் பாடு" என்பார்களே, அந்த வாய்தான்.

சோப்ரானோ என்னும் உயர்ந்த பெண் குரல்களில் மிக உயர்ந்தவற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே, யார் எவ்வளவு மேலே போனார் என்ற கணக்கில்தான் வந்து நிற்கிறது. எனக்கு அந்தத் தாடைதான் முக்கியமாகப் படுகிறது. குரல் அந்த உயரத்துக்குப் போகும்போது ஒன்றை விட்டுவிட்டுத்தான் போகிறது. சொல் கீழேயே தங்கிவிடுகிறது. கடந்த 250 ஆண்டுகளில் நல்ல இசையமைப்பாளர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் யாரை மேலே அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

முதலில் அந்த உயரம் எவ்வளவு என்று நம் கணக்கில் பார்த்துவிடலாம். கர்நாடக மேடையில் 5 கட்டை சுருதி வைத்துப் பாடும் ஒரு பாடகியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மத்திய ஸ்தாயி ஸட்ஜம் நொடிக்கு 196 அதிர்வு. கச்சேரியின் உச்சமாகத் தார ஸ்தாயி மத்யமத்தையோ பஞ்சமத்தையோ பிடித்துக் கார்வை கொடுத்தால் 523, 587 என்று வரும். சபை நிமிர்ந்து உட்காரும் இடம் அது. சோப்ரானோக்களின் பெயர் பெற்ற 'ஹை சி' அந்தத் தார ஸ்தாயி மத்யமத்துக்கு இன்னும் ஒரு முழு ஸ்தாயி மேலே, 1,047 அதிர்வில் இருக்கிறது. இரவின் ராணி தொடுவது 'ஹை எஃப்', அதாவது 1,397. நம் பாடகியின் தார ஸ்தாயி முடிந்து, அதற்கு மேல் இன்னொரு ஸ்தாயி தொடங்கி, அதிலும் கைசிகி நிஷாதம். இதை மைக் இல்லாமல், முன்னால் ஒரு முழு வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருக்க, ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருக்கும் அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டும். நம் சங்கீதத்துக்கு இந்த உயரம் தேவைப்படவில்லை. அதன் உயிர் கமகத்தில் இருக்கிறது, கமகத்துக்கு இடம் வேறு. இரண்டையும் எடை போட்டுப் பார்க்க இதைச் சொல்லவில்லை, தூரம் புரியட்டும் என்றுதான்.

இந்தக் குரல்களைக் 'கொலராடுரா சோப்ரானோ' என்று சொல்வார்கள். கொலராடுரா என்றால் உயரம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இத்தாலிய மொழியில் அதற்கு வண்ணம் தீட்டுதல் என்றுதான் பொருள். மெட்டின் மேல் பொடிப்பொடியாக ஸ்வரங்களை உதிர்த்து ஓடுவதைக் குறிக்கும் சொல். நாம் பிருகா என்று சொல்வதற்கு மிகப் பக்கத்தில் வருகிறது. பிருகா சாரீரம் கனமான குரலுக்கும் அமையலாம், ஆண் குரலுக்கும் அமையலாம். ஆனால் மெல்லிய, உயர்ந்த பெண் குரல்களுக்கு அது இயல்பாக வாய்த்ததால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

ஜெர்மன் அரங்குகளில் பாடகர்களைக் குரல்வாகுப்படி பிரித்து, அதன்படியே வேடமும் ஒப்பந்தமும் கொடுக்கும் வழக்கம் உண்டு. 'ஃபாக்' என்பார்கள். அதில் கொலராடுராவே இரண்டாகப் பிரியும். ஒன்று லிரிக் கொலராடுரா: லேசான, பளபளப்பான குரல். மற்றது டிரமாட்டிக் கொலராடுரா: அதே உயரம், அதே வேகம், ஆனால் உள்ளே எஃகு இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்க உச்ச ஸ்வரம் உதவாது. பாட்டின் சஞ்சாரம் பெரும்பாலும் எந்த இடத்தில் இருக்கிறது, அங்கே குரல் சோராமல் எவ்வளவு நேரம் நிற்கிறது, வாத்தியங்களை எதிர்த்து எவ்வளவு கனம் தாங்குகிறது என்றுதான் பார்ப்பார்கள். வீட்டில் ஹை எஃப் எட்டிவிடுகிற பெண்கள் பலர் உண்டு. இரவின் ராணியைப் பாடக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சரி, மேலே போனால் சொல் ஏன் போய்விடுகிறது?

குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது நிரம்ப நிரம்பச் சத்தம் மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்றின் அளவு மாறுவதால் அது எதிரொலித்துப் பெருக்கும் ஸ்வரமும் மாறுகிறது. தொண்டையும் வாயும் சேர்ந்து அப்படி ஒரு குடம். நாக்கையும் தாடையையும் உதட்டையும் நகர்த்தி அந்தக் குடத்தின் வடிவத்தை மாற்றுகிறோம், அதைத்தான் காது 'ஆ' என்றும் 'ஈ' என்றும் பிரித்தறிகிறது. 'ஈ' சொல்லும்போது அதன் முதல் ஒத்ததிர்வு 300-ஐ ஒட்டி இருக்கும். 'ஆ'வுக்கு 800-லிருந்து 1,000 வரை போகும்.

இப்போது ஒரு புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குரல் என்பது ஒற்றை அதிர்வு கிடையாது. அடிப்படை அதிர்வு 200 என்றால், கூடவே 400, 600, 800 என்று அதன் மடங்குகளும் புள்ளிகளாக வரிசையில் நிற்கும். எந்தப் புள்ளி பெரிதாகத் தெரிகிறது, எது மங்கலாக இருக்கிறது என்பதை வைத்துக் காது கோலத்தைக் கண்டுபிடிக்கிறது. பேசும்போது புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் எந்தக் கோலமும் தெளிவாகத் தெரியும். ஹை எஃப்புக்குப் போனால் முதல் புள்ளியே 1,397-ல்தான். அடுத்தது 2,794. இடையில் ஒன்றுமே இல்லை. 300-ல் 'ஈ' இருக்கிறதா என்று காது தேடினால் அங்கே வெறும் தரைதான் இருக்கிறது. பாடகி எவ்வளவு சுத்தமாக உச்சரிக்க நினைத்தாலும் பயன் இல்லை. உயிரெழுத்துகளின் வித்தியாசம் அந்த உயரத்தில் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது.

அப்புறம் அந்தத் தாடை. குரல் ஏறி, குடத்தின் முதல் ஒத்ததிர்வைத் தாண்டிவிட்டால் அதுவரை கிடைத்த எதிரொலியின் துணை போய்விடும், குரல் மெலியும். அதைத் தவிர்க்கப் பாடகி வாயைத் திறந்துகொண்டே போய், குடத்தின் ஸ்வரத்தைத் தன் ஸ்வரத்தோடு சேர்த்தே உயர்த்துகிறார். சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் சோப்ரானோக்களின் வாயருகே கருவி வைத்து இதை நேராக அளந்து காட்டினார்கள். ஹை சி-யை ஒட்டிய உயரம்வரை இந்த உத்தி தாங்கும். அதற்கு மேல் தாடை திறக்க இடம் இல்லாததால், இரண்டாவது ஒத்ததிர்வைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் யாரும் சூத்திரம் வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. கேட்டுக் கேட்டு, பல வருடச் சாதகத்தில் உடம்பு தானாகக் கண்டுபிடிக்கிறது. எனக்கு இதில் ஆச்சரியம் தீர்ந்தபாடில்லை.

குரல் நாண்களின் பக்கம் பார்த்தால், பெண்களுக்கு அவை ஒரு சென்டிமீட்டரை விடச் சற்றே கூடுதலான நீளம்தான். அந்தச் சின்னத் தசைமடிப்பு வீணைத் தந்தியை முறுக்குவதுபோல இழுக்கப்பட்டு, விளிம்பு மெலிந்து, நொடிக்கு 1,397 தடவை மூடித் திறக்க வேண்டும். இவ்வளவு உயரத்தில் நாண்கள் உண்மையில் அதிர்கின்றனவா, இல்லை விசில் அடிப்பதுபோல வெறும் காற்றுச் சுழலில் ஒலி வருகிறதா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. ஜெர்மனியில் அதிவேகக் கேமராவைத் தொண்டைக்குள் செலுத்திப் படம்பிடித்து 2013-ல் வெளியான ஆய்வில், 1,568 அதிர்விலும் நாண்கள் முழுவதுமாக மூடித் திறப்பது தெரிந்தது. இதைக் கள்ளத் தொண்டை என்று ஒதுக்குபவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்ட வேண்டும்.

இனி மோட்ஸார்ட்டிடம் வருவோம். 14 வயதில், 1770-ல், அப்பாவோடு இத்தாலி போனபோது பார்மா நகரில் லூக்ரெட்ஸியா அகுயாரி என்ற பாடகியைக் கேட்டார். முறையான திருமணத்தில் பிறக்காதவர் என்பதைக் குத்திக்காட்டும் ஒரு வசைச்சொல்லையே ஊர் அவருக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தது. அந்தப் பெண் பையன் காதுமுன் ஹை சி-க்கும் ஒரு ஸ்தாயி மேலே, 2,000 அதிர்வைத் தாண்டிப் பாடினார். அப்பா அதை நம்ப முடியாமல் கடிதத்தில் எழுதினார். பையன் அவர் பாடிய பிடிகளைக் குறிப்பெடுத்து வைத்துக்கொண்டான். பெண் தொண்டையின் எல்லை எங்கே என்று மோட்ஸார்ட்டுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பிறகு அவர் வாழ்க்கையில் வந்தது வெபர் வீட்டுப் பெண்கள். அலோய்ஸியா வெபரை மான்ஹைம் நகரில் காதலித்தார், அது நிறைவேறவில்லை. ஆனால் அவர் குரலை அணு அணுவாக அறிந்திருந்தார். 1779 ஜனவரியில் அலோய்ஸியாவுக்காக எழுதி முடித்த ஒரு தனிப்பாட்டில் இரண்டு முறை, ஹை எஃப்புக்கும் மேலான ஹை ஜி வருகிறது. பின்னாளில் அவர் மணந்துகொண்டது அலோய்ஸியாவின் தங்கை கான்ஸ்டான்ஸேயை. இவர்கள் எல்லாருக்கும் மூத்த அக்கா யோசெஃபா ஹோஃபர். 1791 செப்டம்பர் 30 அன்று வியன்னாவின் புறநகர் அரங்கு ஒன்றில் முதல் இரவின் ராணியாக மேடை ஏறியவர் இவர்தான். ஹை எஃப் என்பது ஏதோ ஒரு மேதையின் மூளையில் உதித்த ஏட்டுச் சவால் இல்லை. மனைவியின் அக்கா அதைப் பாடக்கூடியவர் என்பதால் எழுதப்பட்டது. தையல்காரர் அளவெடுத்துத் தைப்பதுபோலத்தான் அந்தக் காலத்தில் பாட்டு எழுதினார்கள். யோசெஃபா 1801 வரை அந்த வேடத்தைப் பாடினார். அந்தச் சட்டையை உலகமே இன்றுவரை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாட்டில் ஹை எஃப் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "அவனை நீ கொல்லாவிட்டால் இனி எந்நாளும் நீ என் மகள் இல்லை" என்கிறாள் தாய். சொல் அதுவரை வருகிறது. ஒரு தாய் மகளிடம் இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? அந்த வரியின் முடிவில் வாய் ஆகாரமாகத் திறந்துகொள்ள, ஊசியால் குத்துவதுபோல் ஒவ்வொரு ஸ்வரமாகத் தனித்தனியே விழுகிறது. கோபம் மொழியைத் தாண்டிவிட்ட இடம். இதைச் சிலர் அழகாக, மணிபோல, சிரித்த முகமாகப் பாடிக் கைதட்டல் வாங்குகிறார்கள். எனக்கு அது பொறுப்பதில்லை. அந்த ஸ்வரங்கள் இனிமையாக இருக்கக் கூடாது. எட்டா மோஸர் பாடியதைக் கேட்டால் ஏன் என்று தெரியும். 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்கத் தட்டில் இருப்பது அவர் பாடிய இந்தப் பாட்டுதான். அதே தட்டில் கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் போய்க்கொண்டிருக்கிறது.

டோனிட்ஸெட்டியின் 'லூசியா டி லாம்மெர்மூர்' 1835-ல் நேப்பிள்ஸில் அரங்கேறியது. பிடிக்காதவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண் முதலிரவில் அவனைக் குத்திவிட்டு, இரத்தக் கறையோடு கல்யாண விருந்தினர் நடுவே வந்து பாடுகிறாள். கூடவே ஒலிக்க டோனிட்ஸெட்டி முதலில் நினைத்தது ஈர விரலால் தேய்த்து வாசிக்கும் கண்ணாடி வாத்தியத்தை. பிறகு புல்லாங்குழலுக்கு மாற்றினார். குரலும் குழலும் மாற்றி மாற்றி ஒன்றையொன்று துரத்தும் அந்த நீண்ட பகுதியும், முடிவில் எல்லாரும் காத்திருக்கும் உச்ச ஸ்வரமும் அவர் எழுதியவை அல்ல, பின்னால் பாடகிகளின் வழக்கத்தில் சேர்ந்தவை. சேர்த்தது தப்பா என்றால், நான் தப்பென்று சொல்ல மாட்டேன். சித்தம் கலங்கியவள் குழலின் பேச்சுக்குப் பதில் பேசுகிறாள், மனுஷர் பேச்சு அவளுக்கு எட்டவில்லை. மேலே போனால் சொல் இருக்காது என்ற உண்மையைப் பாடகிகளே கண்டுபிடித்துப் பயன்படுத்திய இடம் அது. ஜோன் சதர்லாண்ட் 1959 பிப்ரவரியில் லண்டனில் இதைப் பாடி ஒரே இரவில் உலகப் புகழ் அடைந்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் அந்த உயரத்தை வேறு விதமாகவும் பார்த்தார்கள். ஓஃபென்பாக்கின் ஓப்பராவில் ஒலிம்பியா ஒரு விசைப் பொம்மை. பாடிக்கொண்டிருக்கும்போதே விசை தளர்ந்து குரல் சரியும், சாவி கொடுத்தால் மறுபடி துள்ளும். பொம்மைக்கு மனசு இல்லை, ஆகவே சொல்லும் தேவையில்லை. மாஸ்னேயின் 'எஸ்கிளார்மோந்' 1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சி நேரத்தில் வந்தது. அமெரிக்கப் பாடகி சிபில் சாண்டர்சனுக்காக அதில் ஹை ஜி எழுதினார். அதே ஆண்டு திறந்த ஈஃபில் கோபுரத்தின் பெயரையே அந்த ஸ்வரத்துக்கு ஊர் வைத்துவிட்டது.

விதிவிலக்கு ஒருவர் உண்டு: ரிச்சர்ட் ஸ்டிராஸின் 'அரியாட்னே' ஓப்பராவில் வரும் ஸெர்பினெட்டா. கைவிடப்பட்டுக் கதறும் அரசகுமாரியிடம், ஆண்கள் வருவார்கள் போவார்கள் என்று பத்து நிமிடத்துக்கும் மேல் பேசித் தீர்க்கிற நாடகக்காரி. அவளுக்குச் சொல் வேண்டும், உயரமும் வேண்டும். 1912 வடிவத்தில் ஸ்டிராஸ் அவளை ஹை எஃப்புக்கும் மேலே ஏற்றினார். 1916-ல் திருத்தியபோது அந்தப் பாட்டைச் சுருக்கி, சுருதியையும் இறக்கினார். என் கணிப்பில் அவள் அதனால்தான் பிழைத்தாள். இறக்கிய வடிவம்தான் இன்று அரங்குகளில் வழக்கமாகப் பாடப்படுகிறது, எடிட்டா குருபெரோவா அதில் சொல்லையும் பிருகாவையும் ஒரே மூச்சில் கொண்டுபோவதைக் கேட்க வேண்டும்.

இந்த வேடங்களைச் சுமப்பவர்கள் படும் பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்ஸார்ட் காலத்து வியன்னாவில் சுருதி இன்றைய அளவைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே இருந்தது. சுருதி சேர்க்க எடுத்துக்கொள்ளும் 'ஏ' ஸ்வரம் இன்று 440 அதிர்வு, சில வாத்தியக் குழுக்களில் அதற்கும் மேல். அதனால் யோசெஃபாவைவிட இன்றைய ராணி உயரமாகப் பாடுகிறார். முதல் பாட்டு முடிந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் அறையில் காத்திருந்து, தொண்டை ஆறிப்போன பிறகு, மேடைக்கு வந்தவுடன் அந்தக் கத்திப் பாட்டை எடுக்க வேண்டும். பூசினால் மறைந்துவிடும் ஸ்வரம் அல்ல அது. வந்தால் வந்தது, வராவிட்டால் அரங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வயது ஏறக் குரல் கனக்கும், கீழே செழிக்கும், மேலே கதவு மெதுவாகச் சாத்தும். டாம்ராவ் 2007-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் ஒரே பருவத்தில் ராணியையும் அவள் மகளையும் தனித்தனி இரவுகளில் பாடிவிட்டு, ராணிக்கு விடைகொடுத்தார். தோல்வியாக இதை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது.

சாதனைக் கணக்கு கேட்பவர்களுக்கு: அதே மெட்ரோபாலிட்டனில் 2017-ல் தாமஸ் ஆடெஸின் ஓப்பராவில் ஆட்ரி லூனா ஹை ஏ பாடினார். 1,760 அதிர்வு. அந்த அரங்கின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த ஸ்வரம் என்று செய்தி வந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். இதே ஆடெஸ் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' கதையை ஓப்பராவாக்கியபோது ஏரியல் என்ற காற்று ஆவியைத் தொடர்ந்து உச்சாணியிலேயே பாட வைத்திருந்தார். அவள் என்ன சொல்கிறாள் என்று கீழே இருப்பவர்களுக்குச் சரியாகப் பிடிபடாது. ஆவியின் பேச்சு அப்படித்தானே இருக்கும்.

கடைசியாக ஒன்று, தமிழ்க் காதுக்குத் தனியாகக் கேட்பது. டெலிப்பின் 'லாக்மே' 1883-ல் பாரிஸில் அரங்கேறியது. கதை நடப்பது வெள்ளைக்காரர் கால இந்தியாவில். கோயிலுக்குள் நுழைந்த ஆங்கில அதிகாரியைப் பழிவாங்க நினைக்கும் பிராமணப் பூசாரி நீலகண்டன், அவனை வெளியே வரவைக்கத் தன் மகள் லாக்மேயைச் சந்தை நடுவில் பாடச் சொல்கிறான். அதுதான் 'மணிப் பாட்டு', கொலராடுராக்களின் உரைகல்களில் ஒன்று. பாரிஸில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு நம் புராணம் சரியாகத் தெரியாது, பிரம்மாவின் மகன் விஷ்ணு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் பாட்டில் வரும் கதை மனசைத் தொடும். காட்டில் வழி தப்பிய ஓர் அந்நியனை மிருகங்கள் சூழ்கின்றன. ஊர் ஒதுக்கிய ஒரு பெண் கையிலிருக்கும் கோலின் மணிகளை ஆட்டிக் காப்பாற்றுகிறாள். காப்பாற்றப்பட்டவன் கடவுள். அந்தப் பெண்ணைப் பாட்டு 'பாரியாக்களின் மகள்' என்கிறது. பறை என்ற தோல்வாத்தியத்தின் பெயரை ஒட்டிய பறையர் என்ற தமிழ்ச் சொல் கப்பலேறி ஐரோப்பிய மொழிகளில் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் போய்ச் சேர்ந்த வடிவம் அது.

டெலிப் அந்தச் சொல்லை எங்கே வைத்தார் என்று கவனியுங்கள். கதை சொல்லும் பகுதி முழுக்க நடு ஸ்தாயியில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும்படி போகிறது. 'பாரியா' அங்கே வருகிறது, நன்றாகவே கேட்கிறது. பிறகு அந்தப் பெண் மணியை ஆட்டுகிறாள். லாக்மேயின் குரல் சொல்லை விட்டுவிட்டு ஏறுகிறது, வாய் ஆகாரமாகத் திறக்கிறது, மேலே மணிச் சத்தம் மட்டும் கேட்கிறது.